செம்பனை கிறிஸ்துமஸ் மரம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பின் விவசாயப் பக்கத்தில் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஒன்றின் வண்ணப்படம் வந்திருந்தது. படத்துக்குக் கீழே, ‘கிறிஸ்துமஸ் மரம் போல் அழகாகச் சீவிவிடப்பட்ட செம்பனைகள்’ என்று போட்டிருந்தீர்கள். மரத்தடி துப்புரவாக இருந்தது, நிரை நூல் பிடித்தது போல் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்தின் தலையைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் எண்ணினால் பன்னிரண்டு, பதின்மூன்று மட்டை. மறுபக்கமும் அவ்வளவே என்று வைத்துக்கொண்டாலும் மரத்துக்கு 26-க்கு மேல் தேறாது. பழுத்த குலைகள் அடியில் ஒரு மட்டைகூட இல்லாமல் அம்மணமாகத் தொங்குகின்றன. பத்து, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க மரத்துக்கு 40 மட்டைக்குக் குறையவே கூடாது. மரத்துக்கு மொட்டை அடித்துவிட்டு அதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகையில் படம் வந்துவிட்டால் அதுவே அளவுகோல் ஆகிவிடும். இந்த வட்டாரத்தில் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய், ‘இந்த மாதிரி வெட்டிக் கொடு’ என்று, வெட்டு வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் குத்தகைக்காரரிடம் கேட்பார்கள். அவரும் சந்தோஷமாக வெட்டிக் கொடுப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த உவமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிறிஸ்துமஸ் மரங்களைத் தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள். ஒன்றேகால், ஒன்றரை அடி நீள அலகும் நீண்ட பிடியும் உள்ள மெல்லிய கத்தியை மேலிருந்து கீழாக வீசி, மரத்தைச் சுற்றி நடந்தபடியே கூம்பாகச் சீவுவார்கள். கத்தி கீழே வரும்போது காலில் பட்டுவிடும் என்பதால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடுப்புக் கட்டிக்கொள்வார்கள். பைன் வகை என்றால் கோடைத் தொடக்கத்தில், புதுத் தளிர் முற்றுவதற்குள் சீவ வேண்டும். அப்போதுதான் வெட்டுப்பட்ட நுனியில் புது மொட்டுகள் கட்டும். ஃபிர், ஸ்புரூஸ் வகைகளுக்குத் தளிரின் நீளவாக்கிலேயே பக்க மொட்டுகள் இருப்பதால், தளிர் முற்றிய பிறகு வெட்டலாம். எதுவானாலும் ஒரு நுனி போனால் மூன்று நான்கு நுனி வரும். மரம் அடர்த்தியாகும், ஏழெட்டு வருடத்தில் விற்றுவிடுவார்கள். கிளைவிட்டு வளரும் மரத்துக்குக் கத்தி செய்கிற வேலை அது.

செம்பனைக்குக் கிளை கிடையாது. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது தன் கணக்குப்படிதான் மட்டை விடும். வெட்டிய மட்டைக்குப் பதில் மட்டை வெட்டிய இடத்தில் முளைக்காது, வெட்டியதால் குருத்து அவசரப்படவும் செய்யாது. வளர்ந்த மரம் வருடத்துக்கு 20 முதல் 24 மட்டை, அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு. நட்டு மூன்று நான்கு வருடம் ஆன கன்று மரம்தான் வருடத்துக்கு 30-க்கு மேல் விடும். ஆகவே 40 இருக்க வேண்டிய மரத்தை ஒரே நாளில் 26 ஆக்கினால், அந்தப் பதினான்கைத் திரும்பச் சேர்க்க ஏழு மாதம் ஆகும். அதுவும் அந்த ஏழு மாதத்தில் ஒரு மட்டையும் வெட்டாமல் இருந்தால்.

இனிக் குலைக் கணக்கு. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பூ. அது ஆண் பூவாகலாம், பெண் பூவாகலாம், வளராமல் கருகியும் போகலாம். பெண் பூதான் குலை. எந்தப் பூ ஆணாவது, எது பெண்ணாவது என்பது பூ வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு முன்பே மரத்தின் உள்ளே முடிவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் மரம் பட்டினி கிடந்தால் ஆண் பூ அதிகமாகும். மழை இல்லாமலும் பட்டினி வரும், உரம் இல்லாமலும் வரும், மட்டை இல்லாமலும் வரும். மட்டைதானே மரத்துக்கு அடுப்பங்கரை! பிறகு பூ மலர்வதற்குச் சில மாதம் முன்பு இன்னொரு கண்டம் இருக்கிறது. அப்போது சத்து பற்றாவிட்டால் இளம் பூ உள்ளேயே கருகிவிடும். மலர்ந்து, மகரந்தம் சேர்ந்த பூ பழுக்க ஐந்தரை, ஆறு மாதம் பிடிக்கும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இன்று மொட்டை அடித்த மரம் அடுத்த ஐந்தாறு மாதம் வழக்கம்போல் காய்க்கும். ஏற்கெனவே பிடித்துவிட்ட குலைகள் அவை. அதனால் வெட்டியவரும் வெட்டச் சொன்னவரும், ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் அடி ஒரு வருடம் போல ஆனதும் விழும், கருகிப்போன பூக்களுக்கான அடி. இரண்டாவது அடி இரண்டரை வருடம் வாக்கில், குலைக்குப் பதில் ஆண் பூவாக வந்து நிற்கும். அதற்குள் அந்த மட்டை வெட்டு யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது? உரம் சரியில்லை, கன்று சரியில்லை, மழை சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எத்தனை மட்டை விட வேண்டும் என்பதற்கு வழக்கில் உள்ள அளவு இது: நட்ட நான்காம் வருடத்திலிருந்து ஏழாம் வருடம் வரை 48 முதல் 56, எட்டிலிருந்து பதினான்கு வரை 40 முதல் 48, பதினைந்துக்கு மேல் 32 முதல் 40. இதை எப்படி எண்ணுவது என்பதுதான் எல்லாருக்கும் இடிக்கும் இடம். கழுத்தை அண்ணாந்து ஒன்று, இரண்டு என்று சுற்றிச் சுற்றி எண்ணினால் இருபதிலேயே குழம்பிவிடும். மரமே ஒரு வழி வைத்திருக்கிறது. மட்டையடிகளைப் பார்த்தால் அவை முறுக்கு போல் சாய்ந்து ஏறும் வரிசைகளாக இருப்பது தெரியும். ஒரு மரத்தில் அப்படி எட்டு வரிசை. சில மரம் வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு ஏறும், சிலது இடப்பக்கம். எந்தப் பக்கமானாலும் வரிசை எட்டுதான். நன்றாகத் தெரிகிற ஒரு வரிசையில் கீழிருந்து மேலாக எண்ணி, அதை எட்டால் பெருக்க வேண்டும். வரிசையில் ஐந்து இருந்தால் மரத்தில் 40, ஆறு இருந்தால் 48, ஏழு இருந்தால் 56. படத்தில் இருக்கும் மரங்களில் வரிசைக்கு மூன்றுதான். மண்ணும் இலையும் பரிசோதனைக்கு எடுக்க வருகிறவர்கள் 17-ஆம் மட்டையைத் தேடிப் பிடிப்பதும் இந்த முறையில்தான். முழுதாக விரிந்த இளம் மட்டை முதலாவது, அதே வரிசையில் அதற்குக் கீழே இருப்பது ஒன்பதாவது, அதற்கும் கீழே பதினேழாவது.

அரிவாள் கட்டிய கம்பைப் பிடித்து வெட்டுகிறவருக்கு இந்த எண்ணிக்கை வேண்டாம், குலையைப் பார்த்தாலே போதும். பழுக்கிற குலைக்குக் கீழே இளமரத்தில் மூன்று மட்டை, நடுத்தர மரத்தில் இரண்டு, வயதான மரத்தில் ஒன்று என்பது தோட்டத்து வேலையை மேற்பார்த்த பழைய தண்டல்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு. இரண்டு கணக்கும் ஒன்றுதான். பூ மலரும்போது அதன் மட்டை 17, 18-ஆம் இடத்தில் இருக்கும். குலை பழுக்கும் ஆறு மாதத்துக்குள் மேலே பன்னிரண்டு புது மட்டை வந்துவிடுவதால், பழுத்த குலையின் மட்டை 30, 32-ஆம் இடத்துக்கு இறங்கியிருக்கும். அதற்குக் கீழே ஒரு சுற்று, அதாவது வரிசைக்கு ஒன்றாக எட்டு மட்டை, விட்டால் 40, இரண்டு விட்டால் 48, மூன்று விட்டால் 56. நடுத்தர மரத்தில் குலைக்குக் கீழே மட்டையே இல்லையென்றால், யாரோ கணக்கை மீறியிருக்கிறார்கள் என்று சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போதே சொல்லிவிடலாம்.

இளமரத்தில் இன்னும் கவனம் வேண்டும். முதல் அறுவடை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரை பச்சை மட்டையில் கத்தியே படக் கூடாது, காய்ந்ததை மட்டும் எடுக்கலாம். அறுவடை தொடங்கிய பிறகும், அகலம் குறைந்த உளியை மட்டைக்கும் குலைக்கும் நடுவில் விட்டுக் குலைக்காம்பை மட்டும் அறுத்து எடுக்கலாம். மட்டை மரத்திலேயே இருக்கும். மலாயில் இதற்கு ‘சூரி புவா’ என்று பெயர், பழத்தைத் திருடுவதாம். நாளெல்லாம் பழம் திருடுகிறவனுக்குத்தான் அங்கே நல்ல பெயர்!

கருவிகளைப் பற்றிச் சொல்வதென்றால் உளி, அரிவாள் இரண்டுதான். கடையில் பாஹாட், சாபிட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று அங்குல உளி இளமரத்துக்கு, ஐந்தரை ஆறு அங்குல உளி அதற்கு அடுத்த பருவத்துக்கு. குலை தலைக்கு மேலே போய், உளியைக் குத்தினால் கை சோர்கிற உயரம் வந்ததும் அரிவாளுக்கு மாற வேண்டும். ஆப்பிரிக்கச் செம்பனைத் தோட்டங்களில் நீளக் கம்பில் கட்டிய இந்த அரிவாளுக்கு மலேசியக் கத்தி என்றே பெயர். செம்பனை அங்கிருந்து வந்தது, அதை வெட்டுகிற கத்தி இங்கிருந்து போனது.

அரிவாளின் வெட்டு உள்வளைவில் இருக்கிறது. தட்டைச் சாணைக்கல் அந்த வளைவில் உட்காராது, ஒடுக்கமான, விளிம்பு உருண்ட கல் வேண்டும். பல் விழுந்திருந்தால் முதலில் அரம் போட்டுச் சமப்படுத்தி, பிறகு கல்லைப் பிடிப்பக்கத்திலிருந்து மூக்குப் பக்கம் ஒரே போக்கில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் வாய் மடங்கும். மடங்கிய வாய் விரல் நகத்தில் வைத்தால் வழுக்கும், கூரான வாய் நகத்தில் பிடித்து நிற்கும். காலையில் ஒரு தடவை தீட்டியது நாள் முழுக்கத் தாங்காது. மட்டையடியில் மணலும் தூசியும் ஒட்டியிருக்கும், அது கூர்மையைத் தின்றுவிடும். கல் எப்போதும் இடுப்பில் இருக்க வேண்டும்.

கட்டு இன்னொரு பெரிய விஷயம். அலுமினியக் கம்புக்குக் கவ்வியும் போல்ட்டும் உண்டு. மூங்கிலுக்கு டயர் டியூப்பை ஓர் அங்குல வாராக அறுத்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின் பாதி மேல் ஏறும்படி இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். எதில் கட்டினாலும் அரிவாளின் வாய் கம்போடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு விரல்கடை திரும்பியிருந்தாலும் இழுக்கும்போது கம்பு கையில் சுழலும், வெட்டு மட்டையில் வழுக்கிப் பக்கத்துக் குலையில் போய் விழும். வெயிலில் கிடந்த ரப்பர் வெடித்துப்போகும். அதை மாற்றாமல் கம்பைத் தூக்கினால் வெட்டுகிற வேகத்தில் அரிவாள் கழன்று வரும். எட்டு மீட்டர் உயரத்திலிருந்து அரிவாள் எந்தப் பக்கம் விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

வெட்டுக்கு முன் மரத்தை ஒரு தடவை சுற்றி வந்து மேலே பார்க்க வேண்டும். காய்ந்து தொங்குவது எது, எந்தக் குலை பழுத்திருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை, எந்தப் பக்கம் விழுந்தால் பக்கத்து மரத்தின் குலையில் படாது என்று பார்த்துவிட வேண்டும். மரத்தின் நேர் அடியில் நிற்கக் கூடாது. கம்பு சாய்ந்திருக்கும் அளவுக்குத் தள்ளி, ஒரு கால் முன்னே வைத்து நிற்க வேண்டும். அரிவாளை மட்டையின் மேல்பக்கம், தண்டோடு ஒட்டிய இடத்தில் கொக்கி போல் மாட்டி, லேசாக ஒரு தட்டு தட்டினால் வாய் சதையில் உட்காரும். பிறகு கையால் இழுப்பதில்லை, உடம்பின் எடையைக் கம்பில் விட்டு ஒரே இழுப்பு. கூர் இருந்தால் இரண்டாவது இழுப்பில் மட்டை வந்துவிடும். கூர் இல்லாவிட்டால் நாலைந்து இழுப்பாகும், மட்டை பாதியில் பிளந்து நாரில் தொங்கும், தொங்குகிற மட்டை வெளிப்பக்கம் விழாமல் தண்டோடு ஊசலாடி எங்காவது வரும். அறுந்த மட்டை கம்பின் வழியாகவே சறுக்கிக்கொண்டு ஆளை நோக்கி இறங்குவதும் உண்டு. ஆறேழு மீட்டர் நீளமும், அடியில் இருபக்கமும் முள்ளும் உள்ள சாமான் அது. வெட்டு முடியும் சத்தம் கேட்டதும் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைக்கக் கால் தயாராக இருக்க வேண்டும். தலைக்கவசம் போட்டுக்கொள்கிறவர்கள்கூடக் கண்ணாடியை விட்டுவிடுகிறார்கள். அண்ணாந்து பார்க்கிற வேலைக்குக் கண்ணில் விழும் தூசியும் செத்தையும்தான் தினசரித் தொல்லை.

வெட்டு வாய் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் குத்தகைக்காரர்கள் யாரும் கேட்பதே இல்லை. தண்டிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மேல் கட்டை நிற்கக் கூடாது, வெட்டு வெளிப்பக்கம் சரிந்து இருக்க வேண்டும். நீளமாக விட்டால் அந்தக் கட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு பை உண்டாகும். பழுத்த குலையிலிருந்து உதிரும் பழம் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துவிடும். குலையிலேயே எண்ணெய் நிறைந்த பழம் உதிரிப் பழம்தான். கீழே விழுந்தால் பொறுக்கி எடுத்துக் காசாக்கலாம், மேலே மாட்டிக்கொண்டால் எலிக்கும் பூசணத்துக்கும் போகும். மழைநீரும் மக்கிய செத்தையும் சேர்ந்து அங்கே பெரணி வளரும், சில இடத்தில் செம்பனைக் கன்றே முளைத்து நிற்கும். உயரமான மரத்தில் ஓர் உள்ளங்கை அளவு கட்டை விட்டுவிட்டால் அடுத்த சுற்றில் அரிவாள் அதில் மோதியே மழுங்கும். சரி என்று தண்டுக்குள்ளேயே வெட்டை இறக்குவதும் தப்பு. இளமரத்தில் உளியை ஆழமாகக் குத்திக் காயம் பண்ணினால் பூச்சிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மட்டை வெட்டும்போதே, காய்க்காத பூ எதற்கு என்று ஆண் பூவையெல்லாம் அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். மகரந்தம் சேர்க்கும் சிறுவண்டு முட்டையிட்டுப் பெருகுவது ஆண் பூவில்தான். 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விடும்வரை மலேசியத் தோட்டங்களில் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். காய்ந்து கறுத்துத் தொங்கும் ஆண் பூ பார்க்க அசிங்கம்தான், ஆனால் வண்டுக்கு அது பிரசவ அறை. இருக்கட்டும், விடுங்கள்.

மட்டையே வெட்டாமல் காடாக விட்டுவிடுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அடிமட்டை காய்ந்து பாவாடை போல் தொங்கினால் பழுத்த குலை கண்ணுக்குத் தெரியாது, தெரியாத குலை அழுகும், உதிரி மேலேயே தங்கும், எலி குடியேறும். வருடத்துக்கு ஒரு தடவையாவது, கை இருந்தால் இரு தடவை, குலை குறைவாக வரும் மாதங்களில் ஒரு சுற்று போக வேண்டும். குலை குவியும் மாதங்களில் ஆளை மட்டை வெட்டுக்கு இழுத்தால் அறுவடைச் சுற்று தள்ளிப்போகும். பத்து, பதினான்கு நாளுக்கு ஒரு தடவை போக வேண்டிய இடத்துக்கு மூன்று வாரம் கழித்துப் போனால் பாதிக் குலை உதிர்ந்து கிடக்கும்.

வெட்டிய மட்டையை இரண்டாக, நீளமானால் மூன்றாக நறுக்கி, ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் அடுக்க வேண்டும். முள் உள்ள அடிப்பகுதி நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பூட்ஸையே துளைத்துவிடும். மரத்தடி வட்டத்திலும் கால்வாயிலும் போடக் கூடாது. மேட்டு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே போட்டால் மண் அரிப்பும் நிற்கும். வருடம் முழுக்க ஒரு ஹெக்டரில் விழும் மட்டையின் உலர் எடை சுமார் 10 டன் வரும். பொட்டாசியம் நிறைந்த சருகு அது, காசு கொடுத்து வாங்கும் உரத்தில் ஒரு பங்கு. அதைக் குவித்துக் கொளுத்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மின்கம்பி விஷயத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் நன்றி. சிறு தோட்டங்கள் பல மின்கம்பிக்குக் கீழேயும் பக்கத்திலும் இருக்கின்றன. அலுமினியக் கம்பு கம்பியில் பட வேண்டும் என்பதே இல்லை, உயர் அழுத்தக் கம்பிக்கு நெருங்கிப் போனாலே மின்சாரம் தாவும். மூங்கில் நனைந்திருந்தால் அதுவும் ஆளைக் காப்பாற்றாது. கம்பை முழு நீளத்துக்கு நிமிர்த்தி எந்தப் பக்கம் சாய்த்தாலும் கம்பிக்கு எட்டக் கூடிய இடம் என்றால் அந்த மரத்தில் கை வைக்கவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், அல்லது அந்த மரத்தையே எடுத்துவிட வேண்டும். அரிவாளை உறையில்லாமல் மோட்டார் சைக்கிளில் தோளில் சாய்த்துக்கொண்டு போவதும் அன்றாடம் பார்க்கிற காட்சிதான். ஓர் அடித் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து வாயில் மாட்டினால் உறையாயிற்று, செலவு சில சென்.

சரி, தெரிந்தே ஏன் இப்படி மொட்டை அடிக்கிறார்கள்? கூலி அப்படிப் போடப்படுகிறது. மட்டை வெட்டுக்கு மரத்துக்கு இத்தனை சென் என்று பேசுகிறார்கள். எத்தனை மட்டை விட வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதே குத்தகைக்காரர்தான் பழத்தையும் டன் கணக்கில் வெட்டுகிறார். மட்டை இல்லாவிட்டால் குலை நன்றாகத் தெரியும், ஒரே இழுப்பில் இறங்கும், நாளைக்கு இரண்டு நிரை கூடுதலாகப் போகலாம். நஷ்டம் வருவது இரண்டு வருடம் கழித்து, அதுவும் நிலத்துக்காரருக்கு. ஆகவே கம்பு பிடிக்கிற இந்தோனேசியரையோ வங்காளதேசியையோ திட்டிப் பிரயோசனம் இல்லை, அவருக்கு யாரும் அளவு சொல்லவில்லை. மலேசியச் செம்பனை வாரியம் 2007-இல் கொண்டுவந்த ‘சந்தாஸ்’ இயந்திரக் கத்தி ஐந்து மீட்டர் உயரம் போலத் தாராளமாக வெட்டும், கைவலி குறையும், நல்ல கருவிதான். ஆனால் அளவு தெரியாத கையில் அது மொட்டையையும் அதே வேகத்தில் அடிக்கும்.

குத்தகை பேசும்போதே, ‘வரிசைக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது, கட்டை இரண்டு விரலுக்கு மேல் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். வேலை நடக்கும் முதல் நாள் காலையிலேயே போக வேண்டும். ஐந்து ஏக்கரில் கிட்டத்தட்ட 280 மரம் இருக்கும், நிரைக்கு இரண்டு மரம் எண்ணினால் போதும், அரை மணி நேர வேலை. எல்லாம் வெட்டி முடித்த பிறகு போய்ச் சண்டை போட்டால் மட்டை திரும்ப மரத்தில் ஒட்டாது. சந்தேகம் இருப்பவர்கள், சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே வாரியம் வைத்திருக்கும் ‘துனாஸ்’ அதிகாரியைக் கூப்பிட்டு மரத்தடியிலேயே காட்டச் சொல்லலாம். அது அவர்கள் வேலைதான்.

இந்த நாட்டில் வாணிபத்துக்காக முதல் செம்பனைத் தோட்டம் போட்டது 1917-இல், இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டால் தென்னந்தோப்பு என்று தோன்றும். நூறு வருடத்துக்கு மேலாகச் செம்பனை நிற்கிற வட்டாரத்திலிருந்து படம் வேண்டுமென்றால், குலைக்குக் கீழே இரண்டு மட்டை தெரிகிற மரங்கள் பக்கத்துச் சாலையிலேயே எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துப் போடுங்கள். பார்க்கக் கொஞ்சம் புதர் போல இருக்கும், பரவாயில்லை.

படத்தில் உள்ள தோட்டத்துக்காரர் இதைப் படித்தால் அவருக்கு ஒன்று. இனி ஏழு மாதத்துக்கு மட்டைக்கு அரிவாள் வைக்க வேண்டாம். குலைக்குக் கீழே மட்டை இல்லாததால், அறுவடைக்கு மட்டையை வெட்ட வேண்டிய அவசியமும் இப்போது இல்லை, காம்பை மட்டும் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த உரச் சுற்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண் பூ வரிசையாக வரத் தொடங்கினால் பயந்து அவற்றை வெட்டாதீர்கள். ஒரு மரத்தில் சாயம் தடவி அடையாளம் வைத்து, மாதம் ஒரு தடவை ஒரே வரிசையை எண்ணி வாருங்கள். வரிசையில் ஐந்தாவது நின்ற பிறகு குத்தகைக்காரருக்குச் சொல்லி அனுப்பலாம்.

இப்படிக்கு,
மட்டை வெட்டும் தொழிலாளர்கள் சிலர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.